மைனரின் மீற்றர் படுத்தால் வன்னியிலிருந்து எங்கே கொண்டுபோவது?

போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்த் திரும்பும்போது, விசுவமடு தாண்டியதும் எங்கள் பழைய மொறிஸ் மைனர் காரின் வேக முள் ஒருமுறை துள்ளியது. பிறகு இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் பேய் பிடித்ததுபோல் ஆடத் தொடங்கியது. "என்னடா டிக் டிக் எண்டு சத்தம்?" என்று பின் சீற்றிலிருந்து அம்மா கேட்டார். பரந்தன் சந்திக்கு வந்தபோது சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. பெற்றோல் முள்ளோ பல வருடமாகவே எப்போதும் பாதித் தாங்கி என்று காட்டிக்கொண்டிருந்த ஒன்று. மைனரில் டாஷ்போர்டின் நடுவில் இருப்பது ஒரே ஒரு பெரிய வட்டம். வேகம், ஓடிய மைல், பெற்றோல் எல்லாம் அதற்குள்தான். அந்த வட்டமும் போனால் மிச்சம் இருப்பது வெறும் அலங்காரம்.

கார் அதனால் நின்றுவிடவில்லை. மைனரை மீற்றர் பார்த்தா ஓட்டுகிறோம்? காதால் ஓட்டுகிறோம். ஆனால் ஏ9 வீதியில் இப்போது காதை மட்டும் நம்பிப் போக முடியாது. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பது சட்டம். மரநிழலில் வேகக் கருவியோடு நிற்கும் பொலிஸ்காரரிடம் "என்னுடைய கார் 1960களில் பிறந்தது, ஐயா" என்று சொல்லித் தப்ப முடியாது. பெற்றோல் முள்ளின் அருமை 2022இல் தெரிந்தது. கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களில், தாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் கலியாண வீட்டுக்குப் பொம்பிளை ஏற்றப் போகிற பயத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, திருத்துவது என்று முடிவு. எங்கே, யாரிடம், எந்த வழியில் என்பதுதான் கேள்வி. கிளிநொச்சியில் இருந்துகொண்டு எனக்குத் தெரிந்த வழிகள் ஆறு ஏழு இருந்தன. அவற்றில் சிலவற்றை நானே செய்து கெடுத்தேன், சிலவற்றை மச்சான் தன் ஒஸ்ரின் காரில் செய்து பார்த்தான், சிலவற்றை விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன். விலையை ரூபாயில் எழுதினால் அடுத்த வருடம் பொய்யாகிவிடும். ஆகவே நெல் மூடையில் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன்

வேக மீற்றர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் காசு மிச்சம். கியர்பொக்ஸிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. அதன் உள் கம்பி சுழன்று மீற்றருக்குள் ஒரு சிறிய காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் அதன் பின்னால் இழுபடும். முழுச் சுற்று சுற்றிவிடாமல் ஒரு ஹெயார் ஸ்பிரிங், அதாவது மயிர்போல் மெல்லிய சுருள்வில், அதைப் பிடித்து நிறுத்தும். கிண்ணத்தின் தண்டில்தான் முள். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதால் தேய அங்கே அதிகம் ஒன்றுமில்லை. அறுபது வருடம் ஓடியதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முள் ஆடினாலோ டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. கிரீஸ் காய்ந்து, உள் கம்பி உறைக்குள் பிடித்துப் பிடித்து விடுபடும்போது முள் துள்ளும். வன்னியின் கிரவல் புழுதிக்கு இது சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத வேலை. உள் கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிதாகக் கிரீஸ் பூசி ஏற்றினால் பல கார்களில் கதை அத்தோடு முடிந்துவிடும். ஒரே ஒரு கவனம்: மீற்றர்ப் பக்கத்து எட்டு அங்குலத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கம்பி சுழலச் சுழல கிரீஸ் மேலே ஏறி மீற்றருக்குள் போய், காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். கேபிளை எங்கும் இறுக்கி வளைக்கவும் கூடாது.

நான் செய்த பிழை இங்கேதான். உருவிப் பார்த்தேன், உள் கம்பி முறிந்திருந்தது. 'கேபிள்தானே' என்று கிளிநொச்சியில் ஒரு பழைய உள் கம்பியை அளவாக வெட்டி, நுனியைச் சதுரமாகத் தட்டிப் போடுவித்தேன். கூலியோடு அரை மூடை நெல். மூன்றே கிழமையில் அதுவும் முறிந்தது. கேபிள் ஏன் முறிந்தது என்று நான் கேட்கவே இல்லை. மீற்றருக்குள் சுழலும் தண்டு பழைய கிரீஸால் கல்லாக இறுகியிருந்தது. கீழே கியர்பொக்ஸ் சுழற்ற, மேலே தண்டு மறுக்க, நடுவில் கம்பி என்ன செய்யும்? கேபிளைக் கழற்றிய கையோடு மீற்றரின் பின்பக்கச் சதுரத் துளைக்குள் ஒரு துண்டுக் கம்பியை விட்டு இரண்டு விரலால் சுற்றிப் பார்த்திருந்தால், அரை மூடையும் மூன்று கிழமையும் மிச்சமாகியிருக்கும். தண்டு இலேசாகச் சுற்ற வேண்டும். பிடித்தால் நோய் மீற்றரில்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. ஸ்மித்ஸ் என்ற ஆங்கிலக் கம்பனியின் மீற்றர்களில், டயலில் கீழே சிறிய எழுத்தில் ஒரு நாலிலக்க எண் இருக்கும். ஒரு மைல் ஓட கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே அது. மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே நிமிடத்துக்கு அத்தனை சுற்றுச் சுற்றினால் முள் அறுபதில் நிற்க வேண்டும். வேகம் தெரிந்த ஒரு மின் துளைப்பானில் கம்பித் துண்டைப் பிடித்துச் சரியான திசையில் சுற்றினால் மேசையிலேயே விடை கிடைக்கும்.

பெற்றோல் முள்: இரண்டு சாதி

இதில்தான் ஊர் எலெக்ட்ரீசியன்மார் அதிகம் தடுமாறுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் கார் 2008 கடைசியில் வட்டக்கச்சியில் மாட்டுக் கொட்டிலுக்குள் விடப்பட்டது. 2010இல் திரும்பி வந்தபோது நாலு சில்லு, பற்றரி, வயர் ஒன்றும் இல்லை. மீற்றர் மட்டும் மிஞ்சியிருந்தது, யாருக்கும் அது தேவைப்படவில்லை போலும். உழவு இயந்திரம் திருத்தும் ஒருவர் கிடைத்த வயரை எல்லாம் ஒரே நிறத்தில் இழுத்து ஓட வைத்தார். அப்போது அதுவே பெரிய காரியம்.

பழைய ஆங்கிலக் கார்களில் பெற்றோல் முள் இரண்டு வகை. பழைய வகை சாவி போட்டவுடன் வெடுக்கென்று எழும்பி, வளைவில் திரும்பும்போது கூடவே ஆடும். 1960களில் வந்த வகை மெதுவாக, சோம்பேறியாக எழும்பும், ஏனென்றால் உள்ளே ஒரு ஈருலோகத் தகடு சூடேறி வளைந்துதான் முள்ளைத் தள்ளுகிறது. தாங்கியில் மிதவையோடு இருக்கும் டாங்க் யூனிட்டின் வயரைக் கழற்றி ஒரு கணம் காரின் பொடியில் (இரும்பு உடலில்) தொட்டால், பழைய வகை 'வெறுமை' என்று காட்டும், புதிய வகை 'நிறைவு' என்று காட்டும். வயரைச் சும்மா விட்டால் நேர்மாறு. இதைத் தெரியாமல் ஒன்றின் மீற்றருக்கு மற்றதன் டாங்க் யூனிட்டைப் போட்டால், பெற்றோல் நிரப்ப நிரப்ப முள் கீழே போகும். மச்சானின் காரில் இந்த வேடிக்கை நடந்தது. அவன் ஒரு வருடம் அதைத் தலைகீழாக வாசித்தே ஓடினான்.

பொடியில் தொட்டபோது முள் அசைந்தால் மீற்றர் நலம். பிழை தாங்கியிலோ, வயரிலோ, பொடிக்குப் போகும் இணைப்பான எர்த்திலோ. எனக்கு அது தாங்கியிலும் எர்த்திலும் இருந்தது. டாங்க் யூனிட்டை டிக்கிப் பக்கமாகக் கழற்றிப் பார்த்தால், மிதவையின் கை அசையவே இல்லை. 1990இலிருந்து பொருளாதாரத் தடைக் காலம் முழுக்க அப்பா இந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். ஸ்ரார்ட் பண்ண மட்டும் மருந்துபோல ஒரு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அந்தக் கசடு முப்பது வருடம் காய்ந்து, அரக்குப்போல் பிடித்திருந்தது. தினருக்குள் ஒரு இரவு போட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்து, எர்த்துக்கு ஒரு புது வயர் இழுத்தேன். செலவு ஒரு பிளேன்ரீக் காசு. பெற்றோல் முள் உயிர் பெற்றது.

புதிய வகை முள் உள்ள கார்களில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். பற்றரி எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அது சராசரியாகப் 10 வோல்ட்டை மீற்றருக்குக் கொடுக்கும். பெற்றோல் முள், சூட்டு முள் இரண்டும் சேர்ந்து ஏறினாலோ சேர்ந்து செத்தாலோ குற்றவாளி அதுதான், மீற்றர் அல்ல. ரேடியோ திருத்துபவர்களிடம் 7810 என்ற சின்ன ஐசி கிடைத்தால் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து ஒட்டிவிடலாம். ஆனால் உங்கள் கார் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் கூட்டல் முனை பொடியில் பூட்டியது, என்றால் 7810 சரிவராது, அதன் எதிர்ச் சாதியான 7910 வேண்டும்.

ஊருக்குள் யார்?

இறுகிய மீற்றரோடு நான் முதலில் போனது கராஜுக்கு அல்ல, மணிக்கூடு திருத்தும் ஒரு முதியவரிடம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது மணிக்கூடுதான். கொஞ்சம் முரடு, அவ்வளவுதான்" என்றார். கண்ணாடி வளையத்தை எப்படித் திறப்பது என்பதில்தான் அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. சில மீற்றர்களில் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் கழன்றுவிடும். சிலவற்றில் ஓரத்தை மடித்து அடித்திருப்பார்கள், அதைப் பொறுமையாக நிமிர்த்த வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வளையம் போச்சு.

பழைய கிரீஸைக் கழுவி, தண்டுக்கு மணிக்கூட்டு எண்ணெய் ஒரு துளி விட்டு, ஹெயார் ஸ்பிரிங்கைத் தொடாமலே மூடினார். தொடாமல் விட்டதுதான் அவருடைய கெட்டித்தனம். அது வளைந்தால் மீற்றர் எல்லா வேகத்துக்கும் பொய் சொல்லும். கூலி கால் மூடைக்கும் குறைவு. ஒரு கிழமைக்குள், துளைப்பானில் சுற்றிப் பார்த்தபோது முள் எழும்பியது, ஆட்டமில்லை.

அவரால் முடியாதது ஒன்று: ஓடிய மைல் காட்டும் எண் சக்கரங்கள். அவற்றை நகர்த்தும் சின்னப் பல்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. மணிக்கூட்டில் அந்த அளவில் ஒன்றுமில்லை என்றார். லேத்துக் கடையில் கேட்டேன், அவர்கள் செய்வது உழவு இயந்திர அளவு. ஊரில் செய்விப்பதன் எல்லை இதுதான். கழுவல், எண்ணெய், எர்த், வயர், கேபிள், டாங்க் யூனிட் எல்லாம் வவுனியா தாண்டாமல் முடியும், கண் முன்னாலேயே முடியும். உடைந்த பாகத்தைப் புதிதாகச் செய்வதும், டயல் எழுத்தை மீண்டும் எழுதுவதும், சரியான வேகத்துக்கு அளவு திருத்துவதும் முடியாது.

அளவு திருத்துவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். பல மைனர்களில் மீற்றர் பிழையாகக் காட்டுவதற்குக் காரணம் டயர். 14 அங்குல வீலுக்குப் பொருத்தமான டயர் கிடைக்காமல் கிடைத்ததைப் போட்டு ஓடுகிறோம். சில்லின் சுற்றளவு மாறினால் மீற்றர் பாவம் என்ன செய்யும்? கேபிளின் மேல் நுனியில் மட்டையில் ஒரு அம்பு குத்தி, இரண்டு பின் சில்லும் சேர்ந்து உருளும்படி காரை நேராக 52 அடி 9.6 அங்குலம் தள்ளுங்கள். ஒரு மைலின் நூறில் ஒன்று அது. அம்பு சுற்றிய எண்ணிக்கையை நூறால் பெருக்கினால் உங்கள் காருக்கு வேண்டிய எண் கிடைக்கும். டயலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் தலையில் ஏற்றிக்கொண்டு அலையாதீர்கள்.

பஞ்சிகாவத்தையில் இன்னொரு மீற்றர்

எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை இது. "கொழும்புக்குப் போறவையிட்டச் சொல்லி, பஞ்சிகாவத்தையில ஒண்டு எடுப்பியுங்கோ." பழைய உதிரிப் பாகம் என்றால் நாட்டுக்கே அந்தத் தெருதான். இரண்டு மூன்று மூடை விலையில் ஏதோ ஒன்று கிடைக்கும். ஆனால் நீங்கள் வாங்குவது இன்னொருவரின் அறுபது வயது மீற்றரை. அதன் கிரீஸும் காய்ந்துதான் இருக்கும், அதையும் கழுவத்தான் வேண்டும். டயலின் எண் உங்கள் காருக்குப் பொருந்தாவிட்டால் வேகமும் மைலும் நிரந்தரமாகப் பிழை. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் பெற்றோல் முள் மற்றச் சாதியாக இருந்துவிடலாம்.

ஆகவே நான் இதை மாற்று மீற்றராக அல்ல, உதிரிப் பாகத்துக்காக மட்டும் வாங்கச் சொல்வேன். உடைந்த பல்சக்கரம், வெடித்த கண்ணாடி, நெளிந்த வளையம் ஆகியவற்றுக்கு ஒரு செத்த மீற்றர் தங்கம். வாங்கப் போகிறவரின் கைப்பேசிக்கு உங்கள் டயலின் படத்தையும் பின்பக்கத்தின் படத்தையும் அனுப்பிவிடுங்கள். கையோடு அந்த எண்ணும் தெரிய வேண்டும்.

மச்சான் ஒருமுறை பழைய இராணுவ ஜீப் மீற்றர் ஒன்றை, அழகாக இருக்கிறது என்று வாங்கி வந்தான். இரண்டாம் உலகப் போர்க் கால மீற்றர்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருந்தார்கள். ஒளி எப்போதோ போயிருக்கும், கதிரியக்கம் போகாது. அப்படி ஒன்று கிடைத்தால் திறந்து சுரண்டாதீர்கள். அவன் அதை அலுமாரியில் வைத்திருக்கிறான், பிள்ளைகள் தொடாத உயரத்தில்.

கொழும்பில் திருத்துவிப்பது

மீற்றர் திருத்துவதையே தொழிலாகச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நல்ல கை கிடைத்தால் பல்சக்கரம், எண் சக்கரம், வேக அளவு எல்லாம் ஒரே இடத்தில் முடியும். நாலைந்து மூடை ஆகும். அதற்கு மேல் பஸ்ஸில் இரண்டு தடவை போய்வர வேண்டும். கிளிநொச்சியிலிருந்து ஒரு வழிக்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

நல்ல கை கிடைக்காவிட்டால்? எனக்கு முதல் தடவை அதுதான் நடந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். வேகம் சரியாகத்தான் வந்தது, ஆனால் கேட்காமலே டயலுக்கு மேல் அச்சடித்த ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டார்கள். எழுத்து கொழுத்து, எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மிட்டாய்க்கடைப் பலகை மாதிரி இருந்தது. பழைய முள்ளையும் காணவில்லை. கேட்டதற்கு, "புதுசு வடிவுதானே" என்றார்கள். அந்த ஸ்ரிக்கரை உரித்து எடுக்கப்போய் அடியில் இருந்த ஒறிஜினல் எழுத்தில் கொஞ்சம் போய்விட்டது. இப்போது 70இன் சுழி மட்டும் இல்லை, ஏழு இருக்கிறது. அவ்வளவு வேகம் நான் போவதில்லை என்பதால் குறை தெரிவதில்லை.

இரண்டாம் தடவை வேறு ஒருவரிடம் கொடுத்தபோது, என்ன செய்ய வேண்டும் என்பதை விட என்ன செய்யக் கூடாது என்பதை எழுதிக் கொடுத்தேன். டயலைத் தொட வேண்டாம். முள்ளுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டாம். பழுதான பாகத்தைத் திருப்பித் தாருங்கள். "மைலைப் பூச்சியமாக்கி விடட்டா, ஐயா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பா ஒரு பழைய கொப்பியில் எண்ணெய் மாற்றிய மைல் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார், கணக்கு அறுந்துவிடும். அவர் கேட்டது திருட்டு எண்ணத்தில் அல்ல, பழக்கத்தில். ஆனால் விற்கப் போகிற காருக்கு அதைச் செய்வது களவுதான்.

கடல் கடந்து

சென்னை ஒரு நியாயமான வழி. மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்டின் தொடர்ச்சியான அம்பாசிடர் இந்தியாவில் 2014 வரை செய்யப்பட்டது. பழைய மீற்றர் திருத்தும் கைப்பழக்கம் சென்னையில் இன்னும் இருக்கிறது. புதுப்பேட்டையில் தேடுபவருக்குப் பாகம் கிடைக்கும். பலாலியிலிருந்து விமானம், காங்கேசன்துறையிலிருந்து கப்பல் என்று போக்குவரத்தும் திறந்திருக்கிறது. ஆனால் மீற்றருக்காக மட்டும் யாரும் போவதில்லை. வைத்தியத்துக்கோ கோவிலுக்கோ போகும் உறவினர் ஒருவரின் பையில் துணிக்குள் சுற்றி அனுப்பினால் சரி. அவர் கடைக்காரரிடம் விளக்கம் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அது முக்கியம்.

இங்கிலாந்தில் ஸ்மித்ஸ் மீற்றர்களையே புதிதுபோல் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். வேலை சுத்தம், டயல் எழுத்து ஒறிஜினல், அளவு அச்சொட்டு. ஆனால் கூலி, போக வரக் கூரியர், வரும்போது சுங்கம் எல்லாம் சேர்த்தால் எங்கள் பக்கம் ஒரு ஏக்கர் காலபோக விளைச்சலில் பாதி போய்விடும். லண்டனில் அண்ணன் இருந்து, அவர் லீவில் வரும்போது கொண்டுவந்து, போகும்போது கொண்டுபோனால் யோசிக்கலாம். போட்டிக்கு வைக்கும் கார் என்றால் வேறு வழியே இல்லை. கலியாணத்துக்கு ஓடும் காருக்கு இது அதிகம்.

உள்ளே எலெக்ட்ரோனிக், வெளியே பழசு

டயலையும் முள்ளையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு படிப்படியாகத் திரும்பும் ஒரு ஸ்ரெப்பர் மோட்டாரையும் ஜிபிஎஸ் மின்சுற்றுத் தட்டையும் வைக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் ரெக் என்ற தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கும் ஊரில் இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. இருவர் என்னிடம் வந்து ஆர்வமாகக் கேட்டார்கள். அவர்களோடு அரை நாள் பேசினேன். உண்மையில் நல்ல யோசனை: கேபிள் தேவையில்லை, டயர் மாறினாலும் வேகம் பிழைக்காது, கிலோமீற்றரிலும் காட்டலாம்.

நான் பின்வாங்கியதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல. எங்கள் மைனர் இன்னும் பொசிட்டிவ் எர்த். பற்றரியின் கூட்டல் முனைதான் பொடியில். இன்றைக்குக் கிடைக்கும் எலெக்ட்ரோனிக் தட்டுகள் பெரும்பாலும் அதற்குச் செய்யப்பட்டவையல்ல. மாறிக் கொடுத்தால் ஒரு புகையோடு முடிந்தது. தட்டைத் தனியாகக் காப்பிட்டு வைக்கலாம், அல்லது கார் முழுவதையும் நெகற்றிவ் எர்த் ஆக்கலாம். டைனமோவை மறுபடி காந்தப்படுத்தி, கொயில் வயரை மாற்றி என்று அது இன்னொரு வேலை. அதோடு, அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு தட்டுப் பழுதானால் யாரிடம் போவது? கல்லாக இறுகிய மீற்றரை மணிக்கூட்டுக்காரர் கழுவினார். எரிந்த ஐசியைக் கழுவ முடியாது. எடுத்த பழைய உள்பாகமும் எங்காவது ஒரு டப்பாவுக்குள் தொலைந்துபோயிருக்கும்.

தினமும் வேலைக்கு ஓடும் காருக்கு, ஒறிஜினல் பாகம் ஏற்கெனவே போய்விட்ட காருக்கு, நான் இதையே சொல்வேன். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் 52 மில்லிமீற்றர்த் துளைக்குப் பொருந்தும் புதிய மீற்றர்கள் விற்பனையில் உண்டு. டாஷ்போர்டை வெட்டாமல், கீழே ஒரு தகட்டில் பூட்டலாம். வேகத்துக்கு மட்டும் என்றால் கைப்பேசியில் ஜிபிஎஸ் போதும், ஒரு சதம் செலவில்லை. நான் இப்போதும் கொழும்புக்கு ஓடும்போது அதையும் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

மச்சானின் ஒஸ்ரினைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தண்ணிச் சூட்டு முள் வயரால் வேலை செய்வதல்ல. என்ஜினில் ஒரு குமிழ், அதற்குள் ஈதர், அங்கிருந்து தலைமயிர் அளவு துளையுள்ள செப்புக்குழாய் மீற்றர்வரை. குழாய் ஒரு இடத்தில் உடைந்தாலும் ஈதர் ஆவியாகிப் போய்விடும், முள் செத்துவிடும். புதிய மலிவான மீற்றர் ஒன்றின் குமிழையும் குழாயையும் வெட்டிப் பழைய மீற்றரோடு சோல்டர் பண்ணலாம். வெட்டும்போதும் சூடு காட்டும்போதும் குமிழ் உப்பும் ஐஸும் கலந்த வாளிக்குள்ளேயே இருக்க வேண்டும், அப்போதுதான் ஈதர் உள்ளேயே அடங்கியிருக்கும். மச்சான் முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றுகிறவர்களிடம் ஐஸ் வாங்கி இதைச் செய்து வெற்றி கண்டான். ஈதர் நெருப்புக்குப் பாயும். வெளியே, காற்றில், வாளியிலிருந்து தள்ளித்தான் சோல்டர் பிடிக்க வேண்டும். கை நடுங்குபவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

எனக்கு எது ஒத்துவந்தது

பெற்றோல் முள்ளை நானே செய்தேன். மீற்றரைக் கழுவியது மணிக்கூட்டு ஐயா. பல்சக்கரத்துக்காகப் பஞ்சிகாவத்தையில் ஒரு செத்த மீற்றர் எடுப்பித்து, இரண்டையும் கொழும்பில் அந்த இரண்டாம் மனிதரிடம் கொடுத்தேன். புதிய கேபிள் கடைசியாகத்தான் போட்டேன். எல்லாம் சேர்த்து எட்டு மூடைக்குள். ஸ்ரிக்கர் கடைக்குக் கொடுத்ததைக் கழித்தால் ஆறு. மறுபடி ஒருமுறை செய்வதென்றால் இதே ஒழுங்கில்தான் செய்வேன், ஆனால் விரலால் தண்டைச் சுற்றிப் பார்ப்பதை முதலில் செய்வேன்.

மைலைக் கிலோமீற்றராக்க டயலை மாற்றுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: தேவையில்லை. 50 கிலோமீற்றர் என்பது 31 மைல், 70 என்பது 43 மைலும் சொச்சமும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் நகப்பூச்சால் இரண்டு சின்னக் கோடு போட்டிருக்கிறேன். வேண்டாதபோது தினரால் துடைத்துவிடலாம்.

போட்டு முடித்த அன்று பரந்தனிலிருந்து ஆனையிறவுப் பக்கம் கிலோமீற்றர்க் கற்களை எண்ணி ஓடிப் பார்த்தேன். பத்துக் கிலோமீற்றருக்கு 6.2 மைல் வர வேண்டும். எனக்கு 6.3 வந்தது. டயரின் குற்றம், விட்டுவிட்டேன். முள் நாற்பதில் அசையாமல் நின்றது. அம்மா பின் சீற்றில் இருந்தார். திரும்பி வரும்போது, "அந்த டிக் டிக் சத்தத்தைக் காணேல்லை, காருக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார்.